காசிக்கு யாரோடு?

2025 ஜூலை 24, ஆடி அமாவாசை

மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தக்குளத்தில் கால் வைக்க இடமில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். மூன்றாவது படியில் அம்மா நின்றுவிட்டார். முழங்கால் மடங்க மறுத்தது. பின்னால் வந்த பொடியன் ஒருவன் "மெதுவா ஆச்சி" என்று மற்றக் கையைத் தாங்கிக்கொண்டான்.

அப்பா போய் இது மூன்றாவது ஆடி அமாவாசை. கரையேறியதும் ஈரச் சேலையைப் பிழிந்தபடியே அம்மா சொன்னார்: "மகள், ஒருக்கா காசி, கயாவுக்குப் போய் அப்பாவுக்குப் பிண்டம் போட்டுட்டு வந்தா என்ட மனசு ஆறிடும்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். எப்படிப் போவது என்று அப்போது யோசிக்கவில்லை.

ஜூலை 27

கட்டாரில் இருக்கும் தம்பி பேசினான். "டூர் ஆக்களோட போங்க அக்கா, தனியா வேணாம்." எனக்கு உடனே மனம் ஒப்பவில்லை.

2019-ல் குழுவோடு தமிழ்நாடு போனது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. நாற்பது பேர், ஒரு பஸ். காலையில் ஒரு புடவைக்கடையில் இரண்டு மணித்தியாலம் நிறுத்தினார்கள். சிதம்பரத்துக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. தமிழ்நாட்டில் பெரும்பாலான கோயில்களை நண்பகலில் சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். கூட்டிக்கொண்டு போனவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. மாலைவரை நிற்க முடியாது, அடுத்த ஊரில் அறை எடுத்திருக்கிறது என்றார். நடராசரைக் காணாமல், பூட்டிய கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அம்மா பஸ் ஏறினார். அப்பாவும் அப்போது கூட இருந்தார்.

அதற்குப் பிறகு நான் தமிழ்நாட்டுக்குத் தனியாகத்தான் போயிருக்கிறேன். மதுரையில் வழி தவறினால் பூக்காரியிடம் கேட்கலாம். பலகையை வாசிக்கலாம், சாப்பாட்டுக்கடையில் பேசி ஒரு வாழைப்பழம் கூடுதலாக வாங்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு முழு மாலை உட்கார்ந்திருந்தேன். ராஜராஜன் கட்டி முடித்தது 1010-ல் என்பார்கள். அந்த விமானத்தில் வெயில் நிறம் மாறுவதைப் பார்க்க எந்தக் குழுவும் நேரம் தராது.

ஆனால் காசி மதுரை இல்லை. எனக்கு ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாது.

ஓகஸ்ட் 2

திருக்கோவில் ஊருக்குப் போனோம், பெரியம்மா வீட்டுக்கு. இந்த வருஷமும் கதிர்காமத்துக்கு நடந்து போய்வந்திருக்கிறார். குதிக்கால் வெடிப்புக்கு வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

2018-ல் நானும் அவரோடு நடந்தேன். உகந்தை முருகன் கோயிலில் காட்டுப்பாதை திறக்கும் நாள்வரை காத்திருந்து, குமண, கும்புக்கன் ஆறு, நாவலடி, யால என்று நாட்கணக்கில் காடு. அங்கே தனியே போவது என்ற பேச்சே இல்லை. யானையும் கரடியும் நிற்கிற காடு. அரிசி, பருப்பு, சட்டி எல்லாம் ஆளுக்கொரு பங்காகத் தலையில். இரவில் நெருப்பைச் சுற்றிப் படுக்கை.

ஆனால் எனக்கு மறக்காதது வேறு. எங்கள் கூட்டத்தில் ஒரு ஐயா இருந்தார், எழுபத்தைந்து வயதிருக்கும். அவரைத்தான் முன்னுக்கு விட்டார்கள். அவர் வைக்கிற அடிக்கு ஏற்றபடிதான் எல்லோரும் வைத்தோம். இளம் பொடியன்கள் முந்தப் பார்த்தால் பெரியம்மா அதட்டுவார்: "சாமி, ஐயாவுக்குப் பின்னால வாங்க." அவர் உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார்ந்தோம்.

2019 பஸ்ஸில் போனதும் ஒரு கூட்டம்தான். நான் கோபப்பட்டது கூட்டமாகப் போனதற்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். யாருக்காகவும் நிற்காத கூட்டமாக இருந்ததற்குத்தான் கோபம் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

வரும்போது கல்முனையில் பஸ் மாறினோம். அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

ஓகஸ்ட் 9

தனியாகப் போனால் எப்படி என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். கொழும்பிலிருந்து சென்னை, அங்கிருந்து இன்னொரு விமானத்தில் காசி. காசியிலிருந்து பிரயாகை மேற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கயா கிழக்கே ஏறத்தாழ 250. இரண்டும் எதிரெதிர்த் திசை, அதனால் காசிக்குத் திரும்பித் திரும்பி வரவேண்டும். காசியின் சந்துகளில் கார் போகாது, அறை எடுக்கிற இடத்திலிருந்து கங்கைக்கரைவரை நடைதான். கயாவில் யாரிடம் போவது, எவ்வளவு கொடுப்பது, சொல்கிற மந்திரத்தில் அப்பாவின் பெயர் சரியாக வருகிறதா என்று எப்படிக் கேட்பது? இத்தனையையும் நான் பார்த்துக்கொண்டு நின்றால் அம்மாவின் பக்கத்தில் யார் நிற்பது? அந்த வரியில் பேனை நின்றுவிட்டது.

பின்னேரம் யாத்திரை கூட்டிக்கொண்டு போகிற இரண்டு பேரோடு கதைத்தேன். முதலாமவர் விலையை மட்டும் சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டேன். "வாறவங்க எல்லாரும்" என்றார். வைத்துவிட்டேன்.

இரண்டாமவரிடம் அரை மணித்தியாலம் கேட்டேன். பதினெட்டுப் பேருக்கு மேல் எடுப்பதில்லை. தங்குமிடம் கேதார கட்டத்துக்குக் கிட்ட. குமரகுருபரர் மடம் அமைத்த கரை அது, சுற்றிலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரயாகையில் படகு, கயாவில் தமிழ் தெரிந்த ஐயர், இரண்டும் காசுக்குள் அடக்கம். தட்சணை வேறு. வெளிப்படையாகச் சொன்னது பிடித்தது. நடக்க இயலாதவர்களுக்குச் சக்கர நாற்காலி எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதையும் சொன்னார்.

கடைசியாகத் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "மகன் வரமாட்டான். மகள் பிண்டம் போடலாமா?"

"கயாவில தசரதருக்குப் பிண்டம் போட்டதே சீதைதானே தங்கச்சி" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பல்குனி ஆற்றுக் கரையில் நடந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கதை சின்ன வயதில் கேட்டதுதான். எனக்காக ஒருவர் அதை எடுத்துச் சொல்வார் என்று நினைக்கவில்லை.

ஓகஸ்ட் 16

முடிவு: காசி, பிரயாகை, கயா குழுவோடு. தீபாவளி முடிந்து ஒக்டோபர் கடைசியில் புறப்படுகிறார்கள். வடக்கே வெயில் தணிந்திருக்கும், மார்கழி மூடுபனியும் வந்திருக்காது.

சென்னைக்குத் திரும்பியதும் நாங்கள் பிரிந்துவிடுவோம். சிதம்பரத்துக்கு அம்மாவும் நானும் மட்டும், இரண்டு இரவு. காலைப் பூசையையும் பார்ப்போம், மாலைப் பூசையையும் பார்ப்போம். இதற்காக எங்கள் இருவருக்கும் விமான டிக்கெட்டைத் தனியாகப் போடச் சொன்னேன். குழு டிக்கெட்டில் போனால் திரும்பும் நாளை நினைத்தபடி மாற்ற முடியாது. அவர் சம்மதித்தார்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வர ஆசை இருந்தது. ஆனால் வடகீழ்ப் பருவமழை தொடங்குகிற காலம். 2023 ஒக்டோபர் 14-ல் தொடங்கிய சேவையையே சில நாட்களில் மழைக்காக நிறுத்தினார்கள். அம்மாவை வைத்துக்கொண்டு அந்த நிச்சயமின்மை வேண்டாம். கப்பலில் நான் இன்னொரு முறை தனியாக வருவேன்.

தம்பிக்குச் சொன்னேன். "சிதம்பரத்துக்கும் குழுவோடயே போகலாமே" என்றான். அவன் 2019-ல் வரவில்லை.

ஓகஸ்ட் 20

கயாவுக்குப் போனால் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலையை விட்டுவிட்டு வரவேண்டும், பிறகு ஆயுள் முழுக்கத் தொடக்கூடாது என்பது வழக்கம். அம்மா மூன்று நாளாக அதே யோசனை. பாகற்காயை விடுங்களேன் என்றேன். "விருப்பமில்லாததை விட்டு என்ன புள்ள?" என்றார்.

இன்றைக்கு முருங்கைக்காய் என்று முடிவானது. இலை இன்னும் முடிவாகவில்லை. பழம் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. வாழைச்சேனைப் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்பும்போது அப்பா சைக்கிளில் ஓலைப்பெட்டி நிறைய முந்திரிப்பழம் கட்டிக்கொண்டு வருவார், சாறு வழிந்து சட்டையெல்லாம் கறை.

"முந்திரிப்பழம்" என்றார் அம்மா.