இட்லி மாவு, தெம்போயாக், கறையான் குடல்: இதுவரை வளர்ந்தவை

சமையலறையில் உட்கார்ந்துகொண்டு அறிவியலுக்கே புதிதான ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க முடியுமா? பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில், பழைய மைக்ராஸ்கோப் ஒன்றையும் அம்மாவின் பிரஷர் குக்கரையும் வைத்துக்கொண்டு இதைத்தான் இந்த வருஷம் முழுக்க முயன்றுகொண்டிருக்கிறேன். பகலில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. பயாலஜி படித்தது எஸ்.பி.எம். (மலேசியாவின் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) வரைதான்.

ஆசையைக் கிளப்பியது தெம்போயாக். டுரியான் சுளையில் கொஞ்சம் உப்பு போட்டு மூடிவைத்துப் புளிக்கவிடுகிற மலாய்க்காரர்களின் பண்டம் அது. மீன் குழம்பில் கரைத்தால் அலாதி ருசி, மூக்குப் பழகிவிட்டால். மலேசியத் தெம்போயாக்கிலிருந்து லைஸ்னர் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு 2002-இல் லாக்டோபேசில்லஸ் டுரியானிஸ் என்று பெயர் வைத்தார்கள். புதிய இனம் என்ற அறிவிப்போடு வந்த பெயர். சந்தையில் சில வெள்ளிக்கு டப்பாவில் விற்கிற சாமானுக்குள் பெயரில்லாத ஓர் உயிர் இருந்திருக்கிறது என்று படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் பாக்டீரியா வளர்க்கிற தட்டு தயார் செய்யவேண்டும். புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை வளர்க்க ஆய்வகங்களில் எம்.ஆர்.எஸ். என்ற ஊட்டக்கலவையைப் பயன்படுத்துவார்கள். டி மான், ரோகோசா, ஷார்ப் என்ற மூவர் 1960-இல் வெளியிட்டது, அவர்களின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். வாங்கலாம், ஆனால் விலை கொஞ்சம் கடிக்கும். நான் வீட்டிலேயே ஒன்று கூட்டினேன்: வடிகட்டிய தக்காளிச் சாறு, மார்மைட் ஒரு கரண்டி (ஈஸ்ட் சாறுதானே அது), குளுக்கோஸ் தூள், ஜெல்லி செய்கிற அகர்-அகர் தூள். எல்லாவற்றையும் குக்கரில் வைத்து, முழு அழுத்தம் ஏறியபின் இருபது நிமிஷம். அந்த அழுத்தத்தில் வெப்பம் 121 டிகிரி வரை போகும். சாதாரணக் கொதிநீரில் சாகாத பாக்டீரியா வித்துகள் (உறங்குநிலையில் இருப்பவை) அதில் சாகும்.

அகர் பற்றி ஒரு சின்ன விஷயம். 1880களின் தொடக்கத்தில், பாக்டீரியா ஆய்வின் முன்னோடியான ராபர்ட் கோக்கின் ஜெர்மன் ஆய்வகத்தில் ஜெலட்டினில்தான் பாக்டீரியா வளர்த்தார்கள். வெயில் காலத்தில் அது உருகி ஓடிவிடும். அங்கே வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, "நான் ஜெல்லிக்குப் போடுகிற அகர்-அகரைப் போட்டுப் பாருங்கள்" என்கிற மாதிரி யோசனை சொன்னார். அது அவருக்குத் தெரிந்தது ஜாவாவில் வாழ்ந்துவந்த ஓர் அண்டைவீட்டுக்காரர் மூலம். ஆக, நம் பக்கத்துச் சமையலறைப் பொருள்தான் ஜெர்மனிக்குப் போய் உலகம் சுற்றியிருக்கிறது. பினாங்கு வெக்கையில் ஜெலட்டின் தட்டு ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள், அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அமிலம் சுரக்கிற பாக்டீரியா எது என்று தெரிய, தட்டில் முட்டை ஓட்டை மாவாக அரைத்துக் கலந்தேன். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தட்டு பால்போல மங்கலாக இருக்கும். அமிலம் விடுகிற பாக்டீரியாக் கூட்டத்தைச் சுற்றி மட்டும் ஓட்டுத்தூள் கரைந்து, தெளிவான வளையம் விழும். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு இதற்கு ஆகாது. அது கால்சியம் ஹைட்ராக்சைடு, காரம் அதிகமாகி எதுவுமே முளைக்காது.

இட்லி மாவில் தொடங்கினேன். எங்கள் புளோக்கில் கீழ்வீட்டு அக்கா மாவு அரைத்து விற்கிறார். ஒரு கரண்டி கேட்டதும் காரணம் கேட்டார், சொன்னேன்.

"தம்பி, என் மாவுல பூச்சி இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே!"

"அதெல்லாம் நல்ல பூச்சிக்கா. அது இல்லன்னா உங்க மாவு பொங்கவே பொங்காது."

உண்மையும் அதுதான். உளுந்தும் அரிசியும் புளிக்கிறபோது முதலில் கிளம்புவது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்று 1960களிலேயே எழுதியிருக்கிறார்கள். சர்க்கரையைத் தின்று அமிலத்தோடு கரியமில வாயுவையும் விடுகிற வகை அது. மாவு எழும்புவதற்கு அந்த வாயு முக்கியக் காரணம், சோடாவோ ஈஸ்டோ தேவையில்லை. என் தட்டில் ஒரே இரவில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். சுற்றிலும் வளையம். ஒரு புள்ளியைத் தொட்டுப் புதிய தட்டில் கோடு இழுப்பது, அதில் தனித்து நிற்கிற புள்ளியைத் தொட்டு மறுபடி கோடு இழுப்பது, இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் ஒரே இனம் மட்டும் மிஞ்சும். பொறுமை வேண்டிய வேலை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதியும்கூட.

பிரித்தெடுத்ததை வைத்துச் சில சோதனைகள். ஃபார்மசியில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டேன், நுரைக்கவில்லை. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பொதுவாக நுரைக்கா. ஈஸ்ட் என்றால் பொங்கும். அப்புறம் சாதாரணச் சீனி நிறையப் போட்ட தட்டில் வளர்த்தேன். லியூகோனாஸ்டாக் சீனியைக் கண்டால் டெக்ஸ்ட்ரான் என்ற கொழகொழப்பை உருவாக்கும். ஊசியால் தொட்டுத் தூக்கினால் கம்பிப் பதப் பாகு மாதிரி நூலாக வந்தது. பாக்டீரியாக்களை வகை பிரிக்க உதவும் கிராம் சாயம் ஏற்றி ஆயிரம் மடங்கில் பார்த்தால் ஊதா நிறத்தில், இரண்டிரண்டாகவும் குட்டிச் சங்கிலியாகவும் உருண்டைகள். எல்லாம் ஒத்துவந்தது. அக்காவிடம் படத்தைக் காட்டினேன், "பார்க்க அழகாத்தான் இருக்கு" என்றார். அடுத்த நாளிலிருந்து மாவில் எனக்கு மட்டும் தள்ளுபடி.

பாலிக் பூலாவில் டுரியான் விழத் தொடங்கியதும் தெம்போயாக் வேலை. சாலையோரக் கடையில் அதிகம் பழுத்து விலைபோகாத பழங்களைச் சல்லிசாகக் கொடுத்தார்கள். தெம்போயாக்குக்கு அதுதான் சரி. நூறு கிராம் சுளைக்கு இரண்டு கிராம் உப்பு, கண்ணாடி ஜாடி, இறுக்கமான மூடி. ஒரு வாரத்தில் புளிப்பு ஏறி, அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாள் 4-ஐத் தொட்டது. வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தட்டில் ஈஸ்ட் ராஜ்யம். பெரிய, மழமழவென்ற வெண்ணெய் நிறக் கூட்டங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டன. நாலுநூறு மடங்கிலேயே மொட்டு விடுவது தெரியும். கேக் சாமான் கடையில் பொட்டாசியம் சோர்பேட் கிடைக்கிறது, ஜாம் பூசணம் பிடிக்காமல் இருக்கப் போடுவது. கொஞ்சம் புளிப்பான தட்டில்தான் அது நன்றாக வேலை செய்யும், தக்காளித் தட்டு அதற்குத் தோது. அதைக் கலந்ததும் ஈஸ்ட் அடங்கியது. தட்டுகளை ஒரு கண்ணாடி ஜாடியில் அடுக்கி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி மூடினேன். தானாக அணையும்வரை எரிந்து ஆக்சிஜனைக் குறைத்து, கரியமில வாயுவைக் கூட்டும். ஆக்சிஜன் முழுக்கப் போய்விடாது, இந்த வகைகளுக்கு அது போதும். குச்சி வடிவ பாக்டீரியாக்கள் தெளிவான வளையத்தோடு வந்தன.

இதற்கு நடுவே மிருகக் குடல் பக்கமும் எட்டிப் பார்த்தேன். செபராங் பிறையில் பால்மாடு வைத்திருக்கும் மாமா ஒருவர், "சாணி எவ்வளவு வேணும், சொல்லு" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். சாணத்தில் சால்மொனெல்லாவும் ஆபத்தான வகை ஈ. கோலையும் இருக்கலாம். அதற்குத் தீனி போட்டுச் சமையலறையில் வளர்ப்பது விளையாட்டு இல்லை. போதாக்குறைக்கு, மாட்டின் முதல் வயிற்றில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை காற்றுப் பட்டால் செத்துப்போகும். ஆக்சிஜன் துளியும் இல்லாத குழாய்களில் அவற்றை வளர்க்கும் முறையை ராபர்ட் ஹங்கேட் என்ற அமெரிக்கர் உருவாக்கிய பிறகுதான் அந்த உலகமே கைக்கு எட்டியது. என் மெழுகுவர்த்தி ஜாடி அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது.

ஹங்கேட் மாட்டுக்கு வருமுன் ஆராய்ந்தது கறையான். அது எங்கள் வீட்டுக் கதவு நிலையிலேயே இருந்தது. தலை முன்பக்கத்திலிருந்து பால்போன்ற திரவத்தைக் கக்குகிற சிப்பாய்கள் இருந்ததால் காப்டோடெர்மிஸ் வகை என்று தெரிந்தது. பினாங்கு வீடுகளில் மரத்தை அரிப்பதில் முதல் குற்றவாளி இதுதான்.

வளர்க்க அல்ல, பார்க்க மட்டும். வேலைக்காரக் கறையானின் வால் நுனியை மெல்லிய இடுக்கியால் பிடித்து இழுத்தால் குடல் அப்படியே வந்துவிடும். அதை ஒரு சொட்டு உப்புநீரில் பிரித்து, கண்ணாடி மூடி, உடனே பார்க்கவேண்டும். தாமதித்தால் ஆக்சிஜன் எல்லாவற்றையும் கொன்றுவிடும். நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததிலேயே இதைவிடப் பிரமாதமான காட்சி கிடையாது. உடம்பெல்லாம் சாட்டை முளைத்த பெரிய ஒற்றைச்செல் உயிர்கள், வயிற்றில் மரத்தூளோடு, இடித்துக்கொண்டு நீந்துகின்றன. அவற்றின் இடைவெளிகளில் மெல்லிய சுருள் பாக்டீரியாக்கள், ஸ்பைரோகீட்டுகள், துடித்துக்கொண்டு ஓடுகின்றன.

இந்தச் சுருள்களை நெடுங்காலம் யாராலும் தனியாக வளர்க்க முடியவில்லை. லெட்பெட்டர், பிரெஸ்னாக் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 1999-இல் வளர்த்துக் காட்டினார்கள். ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து அசெட்டேட் செய்கிறவை அவை, கறையானுக்கு அது சாப்பாடு. முறையான பெயர் 2004-இல்தான் வந்தது. இன்னொன்று இதைவிட வேடிக்கை. காப்டோடெர்மிஸ் குடலில் நீந்தும் சூடோட்ரைகோனிம்ஃபா என்ற ஒற்றைச்செல் உயிருக்குள்ளேயே ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. அதன் முழு மரபுத்தொகுதியை ஜப்பானியர்கள் 2008-இல் படித்துவிட்டார்கள். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து, மரத்தில் இல்லாத சத்தை வீட்டுக்காரனுக்குத் தருகிறது என்றும் தெரிந்தது. இருந்தும் அதன் பெயருக்கு முன்னால் கேண்டிடாட்டஸ் என்ற ஒட்டு இருக்கிறது, அதாவது உத்தேசப் பெயர். பாக்டீரியாப் பெயர்களுக்கான சர்வதேச விதிப்படி, உயிருள்ள தூய வளர்ப்பை இரண்டு நாடுகளிலுள்ள இரண்டு சேகரிப்பகங்களில் ஒப்படைத்தால்தான் பெயர் செல்லும். கறையான் வயிற்றில் கண்ணெதிரே நீந்துகிற கூட்டத்தில் எத்தனையோ பெயரில்லாதவை இருக்கலாம். அவற்றைப் பார்ப்பது சுலபம், தனியாகப் பிரித்து வளர்ப்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, தெம்போயாக் குச்சிகளுக்கு வருவோம். தெரிந்த ஓர் ஆய்வகத் தம்பியின் உதவியால் 16எஸ் என்ற மரபணுவைப் படிக்க அனுப்பினேன். எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும், சுமார் 1,500 எழுத்து நீளம், இனம் கண்டுகொள்ள வசதியானது. பொதுத் தரவுத்தளத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, மிக நெருங்கிய உறவோடு 98.7 விழுக்காட்டுக்குக் குறைவாக ஒத்துப்போனால் புது இனமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். அதற்குப் பிறகு முழு மரபுத்தொகுதியையே ஒப்பிடவேண்டும். அங்கே எல்லைக்கோடு ஏறக்குறைய 95 விழுக்காடு.

என்னுடையது லாக்டிபிளான்டிபேசில்லஸ் பிளான்டாரம், 99-க்கு மேல். ஊறுகாய், கிம்ச்சி, தெம்போயாக் என்று எங்கும் இருக்கிற பழைய ஆசாமி. பென்டோசஸ் என்ற அதன் பங்காளியோடும் கிட்டத்தட்ட அதே அளவு ஒத்துப்போகிறது. இந்த ஒரு மரபணுவை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இட்லி மாவில் பிரித்தெடுத்தது, எதிர்பார்த்தபடி, லியூகோனாஸ்டாக்.

ஏமாற்றமா என்றால், ஒரு நாள் இருந்தது. அப்புறம் டுரியானிஸ் எங்கே போனது, என் தட்டில் ஏன் வரவில்லை என்று தேடிப் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பெயரே இப்போது இல்லை. 2006-இல் டெல்லாலியோ என்ற ஆய்வாளரின் குழுவினர் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்து, அது ஏற்கெனவே ஜப்பானியர்கள் பெயர் வைத்திருந்த வேக்சினோஸ்டெர்கஸ் என்ற இனமேதான் என்று காட்டினார்கள். வேக்சினோஸ்டெர்கஸ் முதலில் கிடைத்த இடம் மாட்டுச் சாணம்! டுரியானில் கிடைத்த புதுமுகம், சாணத்தில் கிடைத்த பழைய முகமாகிவிட்டது. 2020-இல் லாக்டோபேசில்லஸ் என்ற பெருங்குடும்பத்தையே 25 பேரினங்களாகப் பிரித்தபோது, பாசிலாக்டோபேசில்லஸ் வேக்சினோஸ்டெர்கஸ் என்று மறுபடி பெயர் மாறியது.

லைஸ்னர் குழுவினரைக் குறை சொல்வதற்கில்லை. முறையாக வளர்த்து, முறையாக ஒப்படைத்திருந்ததால்தான் மற்றவர்கள் எடுத்து ஒப்பிட முடிந்தது. பெயர் பெற்ற பாக்டீரியா இனங்கள் 20,000-க்கு மேல் இருக்கின்றன. 'புதிது' என்று சொல்ல இத்தனையோடும் ஒப்பிட்டாக வேண்டும். மைக்ராஸ்கோப்பும் மார்மைட்டும் அதற்குப் போதாது என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் பிரித்தெடுத்துத் தூய்மையாக்குவதுவரை வீட்டிலேயே வருகிறது. பாதி வேலை அதுதான் என்பது என் கணக்கு.

என் தட்டில் அது வராததற்கு ஒரு காரணம் ஊகிக்க முடிகிறது. இந்தப் பேரினம் சில வகைச் சர்க்கரைகளை மட்டுமே தின்னும், அதிலும் குளுக்கோஸைவிட சைலோஸ் போன்ற ஐங்கரிமச் சர்க்கரைகளில் இஷ்டம். புல்லின் நாரில் சைலோஸ் ஏராளம் என்பதால் மாட்டு வயிற்றோடு பொருந்திப்போகிறது. நான் ஊற்றியதெல்லாம் குளுக்கோஸ் தட்டு, பிளான்டாரத்துக்கு வைத்த விருந்து.

ஆகவே அடுத்த சுற்று: குளுக்கோஸை எடுத்துவிட்டு சைலோஸ், சோர்பேட் அதே அளவு, முட்டை ஓடு இன்னும் நைசாக. தக்காளிச் சாற்றிலும் சர்க்கரை இருப்பதால் அதைப் பாதியாகக் குறைக்கப் போகிறேன். வளர்ந்து முடிந்த தட்டுகளை, வழக்கம்போலத் திறக்காமல், குக்கரில் அவித்துத்தான் குப்பைக்கு. (அம்மாவுக்குப் புது குக்கர் வாங்கிக் கொடுத்தாயிற்று. பழையது இனி என்னுடையது.) பேராக், பஹாங் பக்கம் போகிறவர்கள் வீட்டில் செய்த தெம்போயாக் ஒரு கரண்டி கொண்டுவந்து கொடுத்தால் நல்லது. சீனியோ காடியோ சேர்க்காததாக இருக்கட்டும், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டுங்கள்.