கடைசி இடத்தில் இருந்த வல்லூறு: ஒரு ஜெர்மன் பதக்கப் பட்டையின் சொந்தக்காரரைத் தேடிய கதை

பிரிட்டிஷ் இராணுவம் முதல் உலகப் போருக்குக் கொடுத்த பதக்கங்களின் விளிம்பைப் பார்த்தால் வீரனின் பெயர், எண், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். ஜெர்மன் பேரரசு அந்த உபகாரத்தைச் செய்யவில்லை. ஓர் அதிகாரி வாங்கிய விருதுகளை ரிப்பன்களோடு ஒரே தகட்டில் வரிசையாகத் தைத்து, பின்னால் ஊசி வைத்து, மார்பில் குத்திக்கொள்ளக் கொடுத்துவிடுவார்கள். பெயர் எங்கும் இருக்காது. நூறு ஆண்டு கழித்து அந்தப் பட்டை பழம்பொருள் சந்தைக்கு வரும்போது விற்பவர் “இது ஒரு ஜெனரலுடையது” என்பார். விற்பவர்களின் கணக்கில் எல்லாப் பட்டைகளும் ஜெனரல்களுடையவைதான்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் எனக்கு வார இறுதிகளில் இந்தச் சந்தைகளைச் சுற்றும் பழக்கம் உண்டு. அப்படிக் கைக்கு வந்த பட்டையில் ஆறு பதக்கங்கள் இருந்தன. இடமிருந்து வலமாக: 1914ஆம் ஆண்டின் இரும்புச் சிலுவை இரண்டாம் வகுப்பு, வாள்கள் பதித்த செங்கழுகு விருது நான்காம் வகுப்பு, பிரஷ்ய அதிகாரிகளுக்கான 25 ஆண்டு சேவைச் சிலுவை, ரிப்பனில் ‘கல்கான்’ என்று எழுதிய சிறு தகட்டோடு சீனப் போர் நினைவுப் பதக்கம், முதலாம் வில்ஹெல்மின் நூற்றாண்டையொட்டி 1897இல் கொடுத்த பதக்கம், கடைசியாகச் சிவப்பு ரிப்பனில் வெண் வல்லூறு விருது, வீரர் இரண்டாம் வகுப்பு.

தேடுவதற்கு முன் பட்டை உண்மையானதா என்று பார்த்தாக வேண்டும். சாதாரணப் பதக்கங்களுக்கு நடுவே அரிதான ஒன்றைச் செருகி விலையை ஏற்றுவது இந்தச் சந்தையின் பழைய வித்தை. புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். இக்காலத்து நூலில் வெளுப்பூட்டும் வேதிப்பொருள் இருப்பதால் நீலமாகப் பளிச்சிடும். இதில் எந்தத் தையலும் பளிச்சிடவில்லை. ரிப்பன்களின் முன்பக்கம் வெளிறியிருந்தது, மடிப்புக்குள் பழைய நிறம் அப்படியே இருந்தது. வெளிறிய அளவும் ஆறிலும் ஒன்றாக இருந்தது. எல்லாம் சேர்ந்தே வெயில் பார்த்தவை என்று முடிவு செய்தேன்.

இனி எது உதவும், எது உதவாது என்று பிரிக்க வேண்டும். இரும்புச் சிலுவை இரண்டாம் வகுப்பு முதல் உலகப் போரில் மட்டும் சுமார் 50 லட்சம் பேருக்குக் கொடுக்கப்பட்டது. பட்டையிலேயே பெருமைக்குரிய பொருள் அதுதான். தேடுபவனுக்குப் பயனற்றதும் அதுதான். மஞ்சள் ரிப்பனில் தொங்கும் 1897 பதக்கம் அந்த ஆண்டு பணியில் இருந்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது. கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தில் செய்தது. ஆளைப் பற்றி அது சொல்வது ஒன்றுமில்லை.

செங்கழுகு நான்காம் வகுப்பும் பிரஷ்ய அதிகாரிகளிடம் மலிந்து கிடந்த விருதுதான். ஆனால் வாள்கள் இருந்தால் விஷயம் வேறு. வாள், போர்க்களத்தில் பெற்றதற்கான அடையாளம். 1914க்குப் பின் அந்த வேலையை இரும்புச் சிலுவை எடுத்துக்கொண்டதால், நான்காம் வகுப்பில் வாள்கள் என்றால் பெரும்பாலும் சீனாவோ ஆப்பிரிக்கக் காலனிகளோதான். இங்கே பக்கத்திலேயே சீனப் பதக்கம் இருக்கிறது. அதுவும் போரிட்டவர்களுக்கான வெண்கலப் பதக்கம். போரிடாதவர்களுக்கு எஃகில் கொடுத்தார்கள்.

அந்தச் சீனப் பதக்கத்தை நான் அவ்வளவு எளிதில் தாண்டிப் போகவில்லை. அதன் முகப்பில் ஒரு கழுகு டிராகனைக் காலால் மிதித்து நிற்கிறது. சீனாவில் வெளிநாட்டவருக்கு எதிராக எழுந்த பாக்ஸர் கிளர்ச்சியை அடக்கப் போன படையை 1900 ஜூலையில் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் வழியனுப்பிய கைசர் இரண்டாம் வில்ஹெல்ம், யாரையும் கைதியாகப் பிடிக்க வேண்டாம் என்று பேசினார். படை போய் இறங்குவதற்குள் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) வெளிநாட்டுத் தூதரகங்களைச் சூழ்ந்திருந்த முற்றுகை ஆகஸ்ட் 14 அன்றே முடிந்துவிட்டது. பிறகு நடந்தவை பெரும்பாலும் தண்டனைப் பயணங்கள். அவற்றில் கொளுத்தப்பட்ட கிராமங்கள் பல. கல்கான் என்பது இன்றைய சாங்ஜியாகோ. அங்கே போன படைக்குத் தலைவர் கர்னல் யோர்க் ஃபொன் வார்டன்புர்க் என்ற பேர்பெற்ற போர் வரலாற்றாசிரியர். திரும்பும் வழியில் நவம்பர் மாதக் குளிரில், அடுப்பின் நச்சுப்புகையால் அவர் இறந்தார். என் பட்டைக்காரர் அந்தப் படையில் நடந்தவர். அவரைத் தேடுகிறேன் என்பதற்காக அவரை மெச்ச வேண்டும் என்று இல்லை.

திறவுகோலாக வந்தது கடைசிப் பதக்கம். ஜெர்மன் பேரரசு பல அரசுகளின் கூட்டு, பிரஷ்யா அவற்றில் பெரியது. பிரஷ்ய வழக்கப்படி சொந்த அரசின் விருதுகள் முதலில், பிற ஜெர்மன் அரசுகளின் விருதுகள் அடுத்து, வெளிநாட்டு விருதுகள் கடைசியில் வரும். வெண் வல்லூறு, சாக்ஸ்-வைமார் சிற்றரசு 1732இல் நிறுவிய விருது. ஒரு பிரஷ்ய அதிகாரிக்கு அதை வைமார் பிரபு ஏன் கொடுக்க வேண்டும்? பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: அவருடைய ரெஜிமெண்ட் பிரபுவின் ஊரில் இருந்திருக்கும். வைமார், ஐசெனாக், யேனா ஆகிய ஊர்களில் பாசறை வைத்திருந்தது 94ஆம் காலாட்படை ரெஜிமெண்ட். பிரபுவின் பட்டத்தைத்தான் அது தன் பெயராகக் கொண்டிருந்தது.

ஆளின் கோப்பைக் கேட்டு எழுதிவிடலாமே என்று தோன்றும். பிரஷ்ய இராணுவத்தின் ஆள்கோப்புகள் போட்ஸ்டாமில் இருந்தன. 1945 ஏப்ரல் 14 இரவு விழுந்த குண்டுகளில் எரிந்துபோயின. மிஞ்சியிருப்பவை அச்சான நூல்கள். முக்கியமானது ராங்லிஸ்டெ, அதாவது ஆண்டுதோறும் பெர்லினில் மிட்லர் பதிப்பகம் வெளியிட்ட அதிகாரிகள் பட்டியல். ரெஜிமெண்ட் வாரியாகப் பெயர்கள் வரும். ஒவ்வொரு பெயருக்கும் அருகே அவர் பெற்ற விருதுகளைச் சுருக்கக் குறிகளாகப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வாள்கள் இருந்தால் அதற்கும் தனிக் குறி உண்டு. போருக்கு முந்தைய கடைசிப் பட்டியல் 1914 மே 6 நிலவரம். இவற்றின் படிகள் இணையத்தில் கிடைக்கின்றன, ஆனால் கணினித் தேடல் உதவாது. பழைய ஃபிராக்டூர் எழுத்தைக் கணினி கண்டபடி படிக்கிறது, குறிகளை ஏதோ தூசி என்று நினைத்துக்கொள்கிறது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

1914 பட்டியலில் 94ஆம் ரெஜிமெண்ட் பக்கத்தில் வல்லூறுகளுக்குப் பஞ்சமில்லை. வல்லூறும், வாளோடு செங்கழுகும், 25 ஆண்டுச் சிலுவையும் ஒருசேர வைத்திருந்தவர் மட்டும் இல்லை. இங்கே பட்டையில் இல்லாதவை கைகொடுத்தன. செங்கழுகு விருதில் மூன்றாம் வகுப்புக்கு உயர்ந்தால் நான்காம் வகுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முன்பு வாள்கள் பெற்றிருந்தால் புதிய சிலுவையின் வளையத்தில் சிறு வாள்களாக அதைக் காட்டுவார்கள். இவர் நான்காம் வகுப்போடு நின்றுவிட்டார். பிரஷ்ய மகுட விருதும் இல்லை. 25 ஆண்டு பணியாற்றியும் மேலே ஏறாதவர் என்றால், மேஜர் பதவியோடு அல்லது அதற்கும் முன்பே படையை விட்டு ஒதுங்கியவராக இருக்க வேண்டும். ஜெனரல் கதை அத்தோடு முடிந்தது.

அப்படி ஓய்வு பெற்றும் தேவைப்பட்டால் அழைக்கப்படும் நிலையில் இருந்த அதிகாரிகளை மாவட்ட ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் அமர்த்துவது வழக்கம். அவர்களின் பெயர்கள் ரெஜிமெண்ட் பக்கங்களில் வராது. அந்த அலுவலகங்களின் பக்கங்களில் வரும். அவற்றைப் புரட்டியபோது ஒரு மேஜர் அகப்பட்டார். வாளோடு செங்கழுகு, சேவைச் சிலுவை, வல்லூறு. முன்னர் இருந்த ரெஜிமெண்ட் 94. போரில் பின்னால் வந்த இரும்புச் சிலுவையையும் நினைவுப் பதக்கங்கள் இரண்டையும் தவிர வேறு குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை. இதே மூன்றையும் வைத்திருந்த இன்னொருவரும் வேறொரு பக்கத்தில் தென்பட்டார். அவரிடம் உயிர்காத்ததற்கான பதக்கமும் இருந்தது. என் பட்டையில் அது இல்லை. பிரித்தெடுத்த தையல் தடமும் இல்லை. அவரை விட்டுவிட்டேன்.

பிறகு பின்னோக்கிப் போனேன். 1890களின் இறுதிப் பட்டியல்களில் எங்கள் மேஜர் 94ஆம் ரெஜிமெண்டில் இளம் அதிகாரி. 1901 பட்டியலில் அங்கே அவர் பெயர் இல்லை. சீனாவுக்குப் போன படை, பல ரெஜிமெண்டுகளிலிருந்து முன்வந்தவர்களைத் திரட்டி அமைத்தது. போகும் அதிகாரிகள் தங்கள் ரெஜிமெண்டிலிருந்து முறைப்படி விலகித்தான் போக வேண்டும். இராணுவ வார இதழான மிலிட்டேர்-வோஹென்பிளாட்டில் 1900ஆம் ஆண்டின் மாற்றல் அறிவிப்புகளில் அவர் கிழக்காசிய காலாட்படைக்குப் போனது பதிவாகியிருந்தது. வைமார் அரசின் கையேட்டில் வல்லூறு பெற்றவர்களின் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது.

ஒரு நெருடல் மிச்சமிருந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கு 1934இல் ஒரு கௌரவச் சிலுவை அறிவித்தார்கள். விண்ணப்பித்தால் போதும், சுமார் 80 லட்சம் பேர் வாங்கினார்கள். அக்காலத்து முன்னாள் அதிகாரிகளின் பட்டைகளில் அது இல்லாமல் இருப்பது அபூர்வம். இதில் இல்லை. ஜெர்மன் சட்டப்படி பிறப்புப் பதிவுகள் 110 ஆண்டுக்கும், திருமணப் பதிவுகள் 80 ஆண்டுக்கும், இறப்புப் பதிவுகள் 30 ஆண்டுக்கும் பின் பொது ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், யாரும் கேட்கலாம். அவருடைய ஆள்சேர்ப்பு அலுவலகம் இருந்த ஊரின் காப்பகத்துக்கு எழுதினேன். சிறு கட்டணத்துக்கு நகல் வந்தது. 1920களில் இறந்திருக்கிறார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. வாரிசுகள் இருக்கலாம், பெயர் தெரிந்த பட்டைக்கு விலை கூடும் என்பதால் அவர்கள் கதவைத் தட்ட ஆட்களும் இருக்கலாம். 1914இல் அவர் எந்தப் பிரிவோடு போருக்குப் போனார் என்பதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்து மேசையில் காத்திருப்பது ஒரு பவேரியப் பட்டை. மியூனிக்கின் போர் ஆவணக் காப்பகம் தப்பிவிட்டதால், அங்கே நேராகக் கோப்பையே கேட்கலாம்.