பெரியப்பாவின் கல்வெட்டும் அம்மாவின் பிளாப்பிகளும்

போன ஆவணியில் டொரோண்டோவில் இருந்து அண்ணா போன் எடுத்தார். சொந்த அண்ணா இல்லை, பெரியப்பாவின் மூத்த மகன். "பிள்ளை, அப்பாவின்ரை கல்வெட்டு உங்களிட்டை இருக்கோ? என்னட்டை இருக்கிற புத்தகத்திலை அந்த மடிச்ச தாளைக் காணேல்லை" என்றார்.

வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் 31ஆம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்போம். அதற்குப் பெயர் கல்வெட்டு. முதலில் படம், திதி வெண்பா, பிறகு தேவாரம் திருவாசகம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி நவிலல். பெரியப்பாவின் கல்வெட்டில் இவற்றோடு நாலாக மடித்த ஒரு நீளத் தாளும் இருந்தது. ஐந்து தலைமுறை வம்சாவளி.

அதைச் சேர்த்தது பெரியப்பாவேதான். 1996இல் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த பிறகு அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை மூடிக் கிடந்த காலம். கொக்குவிலிலும் சுன்னாகத்திலும் இருந்த கிழவன் கிழவிகளுக்குக் கடிதம் போடுவார். பதில் வர ஒரு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். வந்ததை ஒரு சிஆர் கொப்பியில் பெயர் பெயராக எழுதி வைப்பார். 1999இல் அவர் கண்ணை மூடியதும் அந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா கணினியில் அடித்தார். கொப்பி பிறகு வீடு மாறியதில் தொலைந்துபோனது. எங்களிடம் இருந்த கல்வெட்டைக் கறையான் தின்றுவிட்டது. கடிதம் எழுதியவர்களில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. யாரிடமும் போய்த் திரும்பக் கேட்க முடியாது. ஈழத்து நூல்களையும் இப்படியான நினைவு மலர்களையும் ஸ்கேன் பண்ணிச் சேர்த்துவைக்கும் நூலகம் இணையத்தளத்திலும் தேடினேன். நாங்கள் கொடுத்திருந்தால்தானே அங்கே இருக்கும்.

அம்மா யாழ்ப்பாணத்தில் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தவர். கொழும்புக்கு வந்து, கடற்கரைப் பக்க ஒழுங்கையில் ஒரு அறையில், அடுக்குமாடி வீட்டு வாடகைக்காக டைப்செட்டிங் தொடங்கினார். கல்யாண அட்டை, பள்ளிக்கூட மலர், கோயில் நோட்டீஸ் எல்லாம் வரும். ஆனால் அதிகம் வந்தது கல்வெட்டுத்தான். பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில், பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடித்து, ட்ரேசிங் தாளில் பிரின்ட் எடுத்துக் கொட்டாஞ்சேனை அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவார். படங்களுக்குப் பெட்டி மட்டும் விடுவார். தட்டச்சு இயந்திரத்தின் விசைமுறையை ஒட்டியதுதான் பாமினியும் என்பதால் அவர் புதிதாகப் பெரிதாக ஒன்றும் பழக வேண்டியிருக்கவில்லை. ரெமிங்டனில் ஓடிய விரல் அப்படியே கணினியில் ஓடியது.

அந்தக் கணினியும் இப்போது இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனபோது, போவதும் வருவதுமாக இருந்து ஒரு நாள் 'டப்' என்றது. அதோடு சரி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு கடையில் கொடுத்தேன். பழைய ஐடிஈ டிஸ்க், அகலமான நாடா வயர் குத்துவது. மூன்று கிழமை வைத்திருந்துவிட்டு, "ரீட் ஆகுதில்லை" என்று திருப்பித் தந்தார்கள். மூடியில் இரண்டு ஆணியைக் காணவில்லை.

மிச்சம் பிளாப்பிகள், முந்திக் கணினிக் கோப்புகளைச் சேமித்த சின்னச் சதுர டிஸ்க்குகள். அலுமாரிக்கு மேலே இரண்டு மலிபன் பிஸ்கட் டின் நிறைய. ஒவ்வொன்றிலும் அம்மாவின் குண்டுக் கையெழுத்து. எதை எடுத்தாலும் இரண்டு இரண்டாக இருக்கும், பெயருக்குப் பக்கத்தில் 1, 2 என்று இலக்கம் போட்டு. ஒரு வேலையை இரண்டு டிஸ்க்கில் போடாமல் அவர் எழும்ப மாட்டார். சின்ன வயதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. டிஸ்க் வாங்குவதே காசு.

'கல்வெட்டு – அத்தான் – 99 (1)' கையில் கிடைத்தது. பெரியப்பா அம்மாவுக்கு அத்தான். பிளாப்பியின் மேலே உள்ள தகர மூடியை நகத்தால் தள்ளினேன். உள்ளே ஸ்பிரிங் இன்னும் விறைப்பாக இழுத்தது. கபிலத் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சணம். எங்கள் வீட்டில் இருந்து தண்டவாளம் தெரியும், அதற்கு அந்தப் பக்கம் கடல். யன்னல் கம்பியே மூன்று வருஷத்தில் உப்புக் காற்றில் பொரிந்து கொட்டும் இடத்தில், இந்தக் காகிதம் போன்ற தகடு 26 வருஷம் கிடந்திருக்கிறது. மூடியை விட்டுவிட்டு இரண்டாவதைத் தள்ளிப் பார்த்தேன். அது பளபளவென்று இருந்தது.

இனி அதைப் போடுவதற்கு ஒரு டிரைவ் வேண்டும். பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் கட்டடத்தில் ஏழு கடை ஏறி இறங்கினேன். பொடியன்கள் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள், ஆனால் சாமான் இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சோனியே 2011இல் பிளாப்பியை விற்பதை நிறுத்திவிட்டது. ஜப்பான் அரசாங்கம் மட்டும் 2024 வரைக்கும் சில ஆவணங்களைப் பிளாப்பியில் கொண்டுவரச் சொல்லும் விதிகளை வைத்திருந்தது. அதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. அங்கே அவ்வளவு காலம் பாவித்திருந்தால் எங்கேயோ ஒரு டிரைவ் இருக்கத்தானே வேண்டும்.

கடைசியில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைத்தது. சார்ஜரும் ரிமோட்டும் தொங்கும் ஒரு ஒடுக்கமான கடை. முதலாளிக்கு எழுபது வயது இருக்கும். ஸ்டூலில் ஏறி மேல்தட்டில் இருந்து ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். யூஎஸ்பி பிளாப்பி டிரைவ். "இது வித்துப் போகாமக் கெடந்த சாமான் மிஸ். ஓடுமா ஓடாதான்னு சொல்ல ஏலா. ஓடலன்னா கொண்டு வந்து தாங்க, காசத் தாறன்." 3,500 ரூபாய். நான் பேரம் பேசவில்லை. அந்த மனுஷன் அதைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததற்கே இன்னும் கொடுத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து இரண்டாவது டிஸ்க்கைப் போட்டேன். கிர்ர் என்று சுற்றியது. நின்றது. டக், டக். திரும்பக் கிர்ர். அம்மா குசினிக்குள் இருந்து, "எடேய், அந்தச் சத்தம்!" என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்தார். திரையில் ஒரேயொரு கோப்பு வந்தது. பி65 என்று முடியும் பெயர். பேஜ்மேக்கர் 6.5.

சந்தோஷம் அவ்வளவுதான். கோப்பைக் கணினிக்குள் எடுத்தாயிற்று, திறக்க வழி இல்லை. பேஜ்மேக்கரின் 7.0 பதிப்பு 2001இல் வந்தது, அதுதான் கடைசி. என் சொந்த அண்ணாவின் மகன் கம்பஸில் படிக்கிறவன், அவனைக் கூப்பிட்டேன். அவன் ஒரு மணித்தியாலம் தேடிவிட்டுச் சொன்னான்: "மாமி, பேஜ்மேக்கருக்குப் பிறகு வந்த இன்டிசைன் எண்ட மென்பொருள், அதுவும் சிஎஸ்6 பதிப்பு வரைக்கும்தான் இதைத் திறக்குமாம். இப்ப இருக்கிறதுகள் திறக்காது. சும்மா நோட்பேட்டிலை போட்டுப் பாப்பமோ? உள்ளுக்கை எழுத்து இருந்தா அப்பிடியே தெரியும்."

போட்டான். திரை முழுக்கக் கட்டமும் கோடும் கேள்விக்குறியும். நடுநடுவே ஆங்கில எழுத்துக் கோர்வைகள். எந்த மொழியிலும் இல்லாத சொற்கள்.

அது ஏன் அப்படி என்றால், பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குப் போட்ட தமிழ் உடுப்பு. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் அதை எடுத்துக்கொண்டது விண்டோஸ் 2000இல்தான். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் நெடுங்காலம், நாங்கள் செய்தது இதைத்தான். ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் உருவத்தைக் கீறி வைத்தோம். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் 'தமிழ்' என்று தெரியும். எழுத்துருவை எடுத்துவிட்டால் அந்த ஜேயும் கேயும்தான் மிச்சம்.

அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாப்பாட்டு மேசையின் பிளாஸ்டிக் விரிப்பில் இரண்டு கையையும் வைத்தார், விசைப்பலகையில் வைப்பதுபோல. கண் திரையில். என், எஃப், எச், எஃப், அரைப்புள்ளி, பெரிய எஃப், டி, பி, வை, அரைப்புள்ளி. விரல்கள் விரிப்பில் ஒவ்வொன்றாக இறங்கின. பெரிய எஃப் வந்த இடத்தில் சின்ன விரல் தானாகக் கீழே நீண்டு ஷிஃப்டை அழுத்தியது.

"கொக்குவில்" என்றார்.

நானும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா நிற்கவில்லை. விரல் போகப் போக வாயில் பெயர்கள் வந்தன. பெரியப்பாவின் தகப்பன், தகப்பனின் தமக்கை, அவ கட்டிய சுன்னாகத்து மனுஷன். அம்மாவுக்கு 78 வயது. காலையில் குளிசை போட்டாரா என்று பத்து மணிக்கு என்னிடம் கேட்பார். ஆனால் எழுத்தைப் பார்த்தால் விரலுக்குத் தெரிகிறது, விரல் போனால் சொல் வருகிறது. நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் கையைத் தூக்கிவிட்டுப் பேசாமல் இருந்தார். "இதிலை ஒண்டு குறையுது" என்றார். என்ன குறைகிறது என்று கேட்டதற்கு, "பேந்து சொல்லுறன்" என்றார்.

பாமினியை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. மருமகன் அந்தக் கோர்வைகளை அதில் போட்டு எடுத்தான். பெரும்பாலும் சரியாக வந்தது. பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிக்க வேண்டும், யூனிகோடில் எழுத்துக்குப் பிறகுதான் கொம்பு. துண்டாகிக் கிடந்த இடங்களில் கொம்பு தனியாக நின்றது. ஆங்கிலத்தில் அடித்திருந்த பட்டங்களும் டொரோண்டோ விலாசமும் அர்த்தமில்லாத தமிழ்க் குவியலாகிவிட்டன, ஏனென்றால் எது ஆங்கிலம் எது பாமினி என்று அந்த எழுத்துகளுக்கே தெரியாது. அதையெல்லாம் கையால் திருத்தலாம். திருத்த முடியாதது வேறொன்று. வம்சாவளியில் யார் யாருடைய பிள்ளை என்பது பெயர்களில் இல்லை, பெயர்களுக்கு நடுவே அம்மா இழுத்த கோடுகளில் இருக்கிறது. நோட்பேட்டில் கோடு வராது. கையில் இருந்தது 140 பெயர், எது எங்கே போகும் என்பது மட்டும் இல்லை.

அன்றிரவு எனக்குச் சரியான கோபம். டிஸ்க் கெட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும். பூஞ்சணம் பிடித்த முதலாவதைப் பார்த்து நான் யாரையும் நோகவில்லை. இது ஒரு எழுத்துக்கூடக் கெடாமல் முழுதாக இருக்கிறது. ஒரு மென்பொருளை நிறுத்துவது அதைச் செய்த கம்பனிக்காரர்களின் வியாபாரம், நிறுத்தட்டும். ஆனால் நிறுத்தும்போது அந்தக் கோப்பு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற விவரத்தையாவது வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். பெட்டி அவர்கள் செய்தது, சரி. உள்ளே இருப்பது பெரியப்பாவின் மூன்று வருஷக் கடிதங்களும் அம்மாவின் கையும். கொழும்பில் மட்டும் இப்படி எத்தனை வீட்டு அலுமாரிக்கு மேலே எத்தனை டின் இருக்கும் என்று நினைத்தால் நித்திரை வரவில்லை.

வழி சொன்னது அம்மாதான். "கொட்டாஞ்சேனைக்குப் போவம். அவர் எறியமாட்டார்."

அச்சகக்காரர் எறியவில்லை. பின்னறையில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிய ஒரு பழைய கணினி. விண்டோஸ் எக்ஸ்பி. 2014இல் அதற்கு ஆதரவு நின்ற பிறகு இணைய வயரைக் கழற்றிவிட்டாராம், வைரஸ் வராமல் இருக்க. பேஜ்மேக்கர், பாமினி, பிளாப்பி டிரைவ் எல்லாம் இருந்தது. "பழைய கல்வெட்டைத் திரும்ப அடிக்கச் சொல்லி மாசத்துக்கு ஒருத்தராவது வருவினம் அக்கா. அதுக்காகத்தான் வச்சிருக்கிறன்" என்றார். திரை மஞ்சள் பூத்திருந்தது. டிஸ்க்கைப் போட்டார். மணல் கடிகாரம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தாள் விரிந்தது, பெயர்களும் கோடுகளும் அதனதன் இடத்தில். ஓரத்தில் பெரியப்பாவின் படத்துக்கு விட்ட வெறும் பெட்டி.

நான் போனில் படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அம்மா, "தம்பி, நான் ஒருக்கா இருக்கட்டோ?" என்று கேட்டு அவருடைய கதிரையில் உட்கார்ந்தார். மூன்றாவது தலைமுறையில் ஒரு கிளையைப் பெரிதாக்கினார். அம்மாவின் சின்ன மாமி. கீழே மூன்று பிள்ளைகள்.

"நாலு" என்றார் அம்மா. "கடைசிப் பெட்டை எட்டு மாசத்திலை செத்துப்போச்சு. அத்தான் கொப்பியிலை எழுதித்தான் வச்சிருந்தவர். தாளிலை இடம் காணாதெண்டு நான் விட்டுட்டன்."

மூன்று பெயர்களையும் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்த்தினார். அதற்கு நிறைய நேரம் எடுத்தது, மவுஸ் பிடித்துக் கன காலம். ஒரு சின்னக் கோடு இழுத்தார். பிறகு விசைப்பலகையைப் பார்க்காமலே அந்தப் பெயரை அடித்தார்.

அச்சகக்காரர் பென் டிரைவ் எடுக்கப் போனார். அம்மா கைப்பையில் இருந்து இரண்டு பிளாப்பிகளை எடுத்து மேசையில் வைத்தார்.