ஒரு ஈயை விவரித்து எழுதுவது: ஆறு மாதப் பயிற்சிக் குறிப்புகள்

பிப்ரவரியில் மொட்டை மாடி உரத்தொட்டியைத் திறந்தபோது மூடியின் உட்பக்கம் ஒரு குளவி உட்கார்ந்திருந்தது. கை பின்வாங்கிவிட்டது. கொஞ்சம் உற்றுப் பார்த்தபோதுதான் இறக்கை ஒரு ஜோடி மட்டுமே என்று தெரிந்தது. குளவிக்கு இரண்டு ஜோடி. இது ஈ. கோழி வளர்ப்பவர்கள் தீவனத்துக்காக வளர்க்கும் பி.எஸ்.எஃப். புழுவின் தாய், கருப்பு சிப்பாய் ஈ.

புதிய ஈ இனம் ஒன்றைக் கண்டுபிடிப்பவர்கள் அதை எழுத்தில் எப்படி விவரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு நெடுநாளாக ஆசை. ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ-வில் பணியாற்றிய பிரையன் லெஸ்ஸார்ட் பெயரிட்ட ஒபாலுமா ருபால் என்ற சிப்பாய் ஈயின் படத்தைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசை. வானவில்லைக் கரைத்து ஊற்றியது போல மின்னும் உடம்பு. அவரே 2011-ல் பெயரிட்ட குதிரை ஈ ஒன்று 1981-லேயே பிடிபட்டது. வயிற்றில் பொன்னிற முடி கொண்ட அந்த ஈ முப்பது வருஷம் பெயரில்லாமல் இருந்திருக்கிறது. யாராவது உட்கார்ந்து எழுதும் வரை ஒரு பூச்சி காத்திருக்கிறது என்ற எண்ணம் என்னை விடவில்லை.

என்னிடம் புதிய இனம் எதுவும் இல்லை. லின்னேயஸ் 1758-லேயே பெயர் வைத்துவிட்ட என் தொட்டி ஈயை, இதுவரை யாரும் பார்த்திராதது போல எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். எழுதி முடித்த பிறகு நிபுணர்களின் விவரிப்போடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். "உடல் கருப்பு" என்று எழுதினேன். மேஜை விளக்கில் கருப்பு, ஜன்னல் வெளிச்சத்தில் நீலம் கலந்த கருப்பு. அன்றிலிருந்து நிறம் எழுதும்போதெல்லாம் எந்த வெளிச்சத்தில் பார்த்தேன் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன். நீளம் வரைபடத் தாளில் வைத்து அளந்ததில் 16 மில்லிமீட்டர். கால்களின் நுனிப்பகுதி வெள்ளை. வயிற்றின் இரண்டாம் வளையத்தில் இரண்டு பக்கமும் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் திட்டுகள். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த இடம் குளவியின் ஒடுங்கிய இடுப்பாகத் தெரிகிறது. நான் கையை இழுத்துக்கொண்டதற்குக் காரணம் இந்த இரண்டு ஜன்னல்கள்தான்.

இறக்கைக்கு மூன்று நாள் ஆனது. சிப்பாய் ஈக் குடும்பத்தின் கையெழுத்து அதில்தான் இருக்கிறது. நரம்புகள் எல்லாம் முன் விளிம்பை ஒட்டி நெருக்கியடிக்கின்றன, நடுவில் சின்னதாக ஒரு மூடிய அறை. கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். மூன்றாவது படத்தில்தான் நடு அறை சரியான இடத்துக்கு வந்தது. புகைப்படம் எடுத்தால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். வரையும்போதுதான் ஒரு நரம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண் பின்தொடர வேண்டியிருக்கிறது. புகைப்படம் எடுத்தபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

உணர்கொம்பு என்னைப் படுத்திவிட்டது. அடியில் இரண்டு கணுக்கள், அதற்கு மேல் ஒரு சாட்டை. சாட்டையில் ஏழு கணுக்கள் என்று எழுதிவைத்தேன். எட்டு இருக்க வேண்டும். அடிப்பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் இரண்டை ஒன்றாக எண்ணியிருக்கிறேன். கடைசிக் கணு தட்டையாக, கத்தி அலகு போல நீண்டிருக்கிறது, அதில் சந்தேகமே வரவில்லை. பூச்சியியலாளர் புருனெட்டி 1920-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் ஈக்களைப் பற்றி எழுதிய தொகுதியைப் படித்தபோது இன்னொரு குழப்பம். அந்தக் காலத்தில் சாட்டை முழுவதையும் "மூன்றாம் கணு" என்றும் அதிலுள்ளவற்றை வளையங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பழைய புத்தகத்தையும் புதிய கட்டுரையையும் சேர்த்து வைத்துப் படிப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

குத்தி வைப்பதில் ஒரு பாடம். ஊசியை முதுகின் நடுக்கோட்டில் இறக்கக் கூடாது, சற்று வலப்பக்கம் தள்ளி இறக்க வேண்டும். அப்போது ஒரு பக்கமாவது சேதமில்லாமல் கிடைக்கும். முதல் ஈயை நடுவில் குத்தி வீணாக்கினேன். இரண்டாவது ஈ நன்றாகக் காய்ந்த பிறகு திருப்பியதில் உணர்கொம்பு முறிந்தது.

ஏப்ரலில் ஆண் ஈயின் வயிற்று நுனி. பல இனங்களை மற்ற வெளி அடையாளங்களைக்கொண்டு பிரிக்க முடியாது, ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம்தான் சாட்சி. நுனியை வெட்டி 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் சதை கரைந்து கூடு மட்டும் நிற்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தோலைத் தின்னும் கரைசல் அது. அவசரப்பட்டுச் சூடு காட்டினேன். கூடும் சேர்ந்து கலகலத்துப் போனது. அடுத்ததைச் சூடில்லாமல் இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரிலும் துளி வினிகரிலும் அலசி, கிளிசரினில் மிதக்கவிட்டேன். காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஒவ்வொரு கொக்கியும் தேன் நிறத்தில் தெளிவாக நின்றது. அரை மணி நேரம் பென்சிலைத் தொடவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மே கடைசியில் பக்கத்து வீட்டு அத்தை பலாக் கழிவைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டார். இரண்டு நாளில் வேறொரு ஈ வந்தது. மஞ்சள் உடம்பு, நீண்ட கால்கள், பலாச்சடையின் மேலேயே நடந்துகொண்டிருந்தது.

"இதுவும் உன் சிப்பாய்தானா கண்ணு?"

"அதே குடும்பம்தான் அத்தை, ஜாதி வேற."

உணர்கொம்பின் இரண்டாம் கணுவில், உட்பக்கமாகக் கட்டைவிரல் போல ஒரு நீட்சி. அதைப் பார்த்ததும் டெக்டிகஸ் என்ற பேரினம் என்று பிடிபட்டது. பிப்ரவரியில் இருந்த கண்ணுக்கு இந்தக் கட்டைவிரல் தெரிந்திருக்காது. அதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அதற்கு மேல் நகர முடியவில்லை. ஜூலை வரை மூன்று ஈக்கள் கிடைத்தன, மூன்றும் பெண். ஆண் இல்லாமல் இனத்தைச் சொல்லத் துணிய மாட்டேன். மஞ்சள் நிறத்தையும் வயிற்றுப் பட்டையையும் மட்டும் நம்பிப் பெயர் சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் மாறும். மூன்றுக்கும் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்: ஊர், கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம், தேதி, பிடித்தவர், எதன் மேல் பிடித்தது. சீட்டில்லாத பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் யாருக்கும் பயன்படாது. புதிய இனம் கண்டுபிடிப்பவர் அதைத் தெரிவித்து, மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ன் பல்லுயிர்ச் சட்டமே சொல்கிறது. என் மஞ்சள் ஈ ஏற்கெனவே பெயருள்ள இனமாகவே இருக்கலாம், இருந்தாலும் சீட்டு அதே ஒழுங்கில்தான்.

பலா முடிந்துவிட்டது. அடுத்த சீசனில் முதல் பலாச்சடையை எனக்கே தருவதாக அத்தை சொல்லியிருக்கிறார்.