தாமிரத்தில் பழகிய கை

மோட்டார் காயில், அதாவது கம்பிச்சுருள், சுற்றும் வேலையை நான் பழகியது கோயம்புத்தூரில், பம்ப் மோட்டார்ப் பட்டறையில். தாமிரக் கம்பியைச் சுற்றி, வார்னிஷில் முக்கி, சூட்டடுப்பில் காயவைத்தால் கம்பி அசையாது, ஈரம் புகாது. அந்தப் பழக்கத்தோடுதான் மீக்கடத்தி மோட்டாருக்கான ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். மீக்கடத்தி என்றால், கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்.

முதல் நாள் கையில் கொடுத்தது கம்பியே இல்லை, ஒரு டேப். அகலம் 4 மில்லிமீட்டர், தடிமன் 0.1. திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196 டிகிரியில், அது 100 ஆம்பியருக்கு மேல் தாங்கும். அதே பருமனுள்ள தாமிரத்தில் நாங்கள் இரண்டு, மூன்று ஆம்பியருக்கு மேல் விட மாட்டோம். இத்தனை மின்சாரத்தையும் சுமப்பது உள்ளே இருக்கும் ஒன்றிரண்டு மைக்ரான் கறுப்புப் படலம்தான். மற்றதெல்லாம் அதைத் தாங்கும் உலோகம். ஆனால் டிசி ஓடும்போதுதான் இழப்பு இல்லை. ஏசி ஓடினால் மீக்கடத்தியும் சூடாகும். அதனால் பெரும்பாலும் ஏசி ஓடும் ஸ்டேட்டரை, அதாவது சுழலாத பகுதியை, தாமிரத்திலேயே விட்டு, டிசி ஓடும் ரோட்டரின், அதாவது சுழலும் பகுதியின், காயிலை மட்டும் டேப்பில் சுற்றுகிறார்கள்.

1986-இல் பெட்னோர்ஸ், முல்லர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கண்டுபிடித்த செராமிக் மீக்கடத்தி வகையின் வழிவந்தது இந்த டேப். 2009-இல் அமெரிக்கக் கடற்படைக்காக 36.5 மெகாவாட் மீக்கடத்தி மோட்டாரை முழு பவரில் ஓட்டிக் காட்டினார்கள். அதே திறனுள்ள தாமிர மோட்டாரின் எடையில் பாதிகூட அது இல்லை. டென்மார்க்கின் தீபோரன் அருகே ஒரு காற்றாலையில் 3.6 மெகாவாட் மீக்கடத்தி ஜெனரேட்டரை மாட்டி, கிரிட்டுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் என் முதல் காயிலைச் சுற்றினேன்.

சுற்றி முடித்து, பட்டறைப் பழக்கப்படி, இறுகிக் கெட்டியாகும் பிசினான எபாக்சியை ஊற்றினேன். ராத்திரி முழுக்கச் சூட்டடுப்பில் இருந்தது. காலையில் பார்த்தால் கண்ணாடி மாதிரி, அவ்வளவு அழகு. மெல்ல நைட்ரஜனில் இறக்கி மின்சாரத்தை ஏற்றினோம். காயிலாகச் சுற்றினால் டேப் தாங்குவது குறையும்; ஆனாலும் 60 ஆம்பியர் வரை வோல்ட்மீட்டர் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். 20-லேயே ஏறத் தொடங்கிவிட்டது. வெளியே எடுத்து மறுபடி குளிர்வித்தோம். இந்த முறை இன்னும் மோசம்.

காயிலை அறுத்துப் பார்த்தோம். டேப்புக்குள்ளேயே கறுப்புப் படலம் அடித்தகட்டை விட்டுப் பிரிந்திருந்தது. குளிரில் எபாக்சி டேப்பைவிட அதிகமாகச் சுருங்கும். சுருங்கும்போது, தான் ஒட்டிய இடத்தையும் சேர்த்துப் பிய்க்கும். மூத்த பொறியாளர் அந்தத் துண்டை நகத்தால் நெம்பிக் காட்டினார். "நீளவாக்கில இழுத்தா இரும்பு, தம்பி. உரிச்சா வாழைப்பட்டை." 80 மீட்டர் டேப் வீண். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த காயிலுக்கு அவர் சொன்னபடி பாரஃபின் மெழுகு ஊற்றினேன். பட்டறையில் யாராவது அப்படிச் செய்திருந்தால் நானே திட்டியிருப்பேன். குளிரில் மெழுகு தானே விரிசல் விட்டுக்கொள்கிறது, டேப்பை இழுப்பதில்லை. 60 ஆம்பியர் வரை முள் அசையவில்லை.

சரி, மேசை மேல் நிற்கும் காயிலுக்கு மெழுகு போதும். சுழலும் ரோட்டருக்குப் போதாது, காயிலை இறுகப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அதனால் இப்போது டேப்பின் மேல் எபாக்சி ஒட்டாத ஒரு பூச்சைப் பூசிவிட்டு, அதற்கு மேல் எபாக்சி ஊற்றுகிறோம். அப்படிச் செய்த காயில் ஒன்று நேற்று இருபதாவது முறையாக நைட்ரஜனில் இறங்கியது. 60 ஆம்பியரில் வோல்ட்மீட்டர் பூஜ்யத்தில் நின்றது.