ஹேபியஸ் கார்பஸ் ஃபைல்: ஜூனியர் வக்கீல் நாட்குறிப்பு

8 ஜூலை 2024
சீனியர் இன்னிக்கு புது ஃபைல் குடுத்தாங்க. அப்பா நியூஜெர்சில வேலை, ஆறு வயசு பொண்ணு அங்கயே பொறந்தவ, ஸ்கூல் லீவுக்குன்னு அம்மா சென்னைக்குக் கூட்டிட்டு வந்தாங்க, ரிட்டர்ன் தேதி தாண்டியும் கிளம்பல. ஃபோன்ல அவர் கேட்ட முதல் கேள்வியே, "மேடம், ஹேக் ஒப்பந்தத்துல அப்ளை பண்ணா ஆறு வாரத்துல அனுப்பிடுவாங்களாமே?"

பெத்தவங்கள்ல ஒருத்தர் வேற நாட்டுக்குக் கொண்டு போன குழந்தைய திருப்பி அனுப்ப 1980-ல நாடுகள் போட்ட ஒப்பந்தம் சார் அது, இலங்கை 2001-லயே சேர்ந்துடுச்சு, நாம இன்னும் சேரலன்னு சொன்னேன். 2016-ல சட்ட கமிஷன் மசோதா வரைவே எழுதிக் குடுத்தும் சட்டமா வரல. நமக்கு இருக்கிறது அரசியல் சட்டத்தோட ஆர்ட்டிகிள் 226, ஹைகோர்ட்ல ஹேபியஸ் கார்பஸ், அதாவது குழந்தைய கோர்ட் முன்னால கொண்டு வரச் சொல்லிக் கேக்கற மனு.

11 ஜூலை
அவங்க வீட்ல பெரியவங்க பேசிப் பாக்கறாங்களாம், தீபாவளி வரைக்கும் பொறுக்கலாமான்னு கேக்கறாரு. வேண்டவே வேண்டாம் சார்னு கெஞ்சாத குறையா சொன்னேன். அங்க கோர்ட் ஆர்டர் கையில இருந்தா போதும்னு நினைக்கிறாங்க, ஆனா 2017-ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு, வெளிநாட்டு ஆர்டர் பல அம்சங்கள்ல ஒண்ணு, குழந்தையோட நலன்தான் முதல்ல. அப்போ குழந்தை இங்க இருக்கிற ஒவ்வொரு மாசமும் இங்கயே பழகிட்டாங்கற வாதத்துக்குத்தான் பலம். பவர் பத்திரத்துக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டுப் பத்திரம் இங்க செல்லறதுக்கான சான்று முத்திரை), ஸ்கூல் ரிப்போர்ட், தடுப்பூசி கார்டு எல்லாம் உடனே கேட்டிருக்கேன். 2009-ல சிபிஐ சென்னைல கண்டுபிடிச்ச பையன அமெரிக்காவுக்கே அனுப்பச் சொன்ன தீர்ப்பையும் சேர்த்தாச்சு.

23 ஜூலை
மனு அட்மிட் ஆகி அம்மாவுக்கு நோட்டீஸ் போயிடுச்சு, இடைக்காலமா தினமும் வீடியோ காலுக்கு ஆர்டர். இன்னிக்கு கால்ல பொண்ணு புது ஸ்கூல் ஐடி கார்ட கேமராகிட்ட கொண்டு வந்து "அப்பா இங்க பாரு, என் போட்டோ"ன்னு காட்டியிருக்கா. அத சந்தோஷமா எனக்கு சொல்றாரு மனுஷன். அதே அட்மிஷன் ரசீதுதான் நாளைக்கு எதிர்தரப்பு டைப்செட்ல (கோர்ட்ல குடுக்கிற ஆவணக் கட்டுல) வரும்னு எனக்குத் தெரியும், எப்படி சொல்றது.

7 ஆகஸ்ட்
குழந்தையோட அம்மா தரப்பு கவுன்டர், அதாவது பதில் மனு, வந்துச்சு. புருஷன் விசாவ நம்பி இருக்கிற டிபென்டன்ட் விசா, தன் பேர்ல ஒரு பேங்க் அக்கவுண்ட் கிடையாது, சண்டை வந்தா "விசாவ கேன்சல் பண்ணிடுவேன்"னு மிரட்டல், மெசேஜ் பிரிண்ட்டோட வச்சிருக்காங்க. நம்ம கட்சிக்காரர் பக்கம் நிக்கிறோம்ங்கறதுக்காக இத பொய்னு ஒதுக்க என்னால முடியாது. குழந்தைய அனுப்பச் சொல்லி கேக்கறவர், அம்மா பயமில்லாம கூட வந்து தங்கறதுக்கும் வழி காட்டணும். கட்சிக்காரர்கிட்ட நேரடியாவே பேசினேன், கோவப்பட்டாரு, சாயங்காலம் அவரே கூப்பிட்டு சரின்னுட்டாரு. விசா உதவி, தனி வீட்டு வாடகை, மாசச் செலவு, அவங்க மேல கிரிமினல் கேஸ் போடமாட்டேன்னு உறுதிமொழி, இதே நிபந்தனைகள நியூஜெர்சி கோர்ட்லயும் மிரர் ஆர்டரா வாங்கித் தர்றது, எல்லாம் அஃபிடவிட்ல ஏத்திட்டு இருக்கேன். மீடியேஷனுக்கு அனுப்பினா மொதல்ல இதத்தான் நீட்டப் போறோம்.