மாடி வீட்டுக் கிறிஸ்மஸ்

டிசம்பர் 13

காலையில் ஸ்டார் கட்டியாயிற்று. மொட்டை மாடியில் கம்பு நட்டு, பையன்தான் ஏறிக் கட்டினான். கீழே அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினாள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது உருட்ட வருகிறதா என்று பார்த்துப் பார்த்து இறக்கினாள். மாவு இரண்டு நாள் ஊற வேண்டும்.

வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள். ஆஸ்பத்திரியை நம்பி வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். இந்த வருஷம் மூன்றிலும் கிறிஸ்தவர்கள். ஒன்றில் கோட்டயத்து நர்ஸ் பெண். இன்னொன்றில் வங்காளத்துக் கிருஷ்ணநகரிலிருந்து சிகிச்சைக்கு வந்திருக்கும் ஒரு மாசிமாவும் (அவர்கள் மொழியில் பெரியம்மா, சித்தி முறை) அவர் மகனும். மூன்றாவதில் மிசோரத்து அண்ணன், அண்ணி, அவர்களுடைய பத்து வயது மகள். பண்டிகை ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 15

மத்தியானம் மீன் குழம்பு வைத்து நர்ஸ் பெண்ணுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது. "சேச்சி, எனக்கு நோம்பு" என்றாள். சிரியன் கிறிஸ்தவர்களுக்கு டிசம்பர் 1 தொடங்கிப் பண்டிகை வரை 25 நாள் நோன்பாம். மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. நோன்பென்றால் எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் மட்டும்தான். டிசம்பர் வந்தாலே எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். ஒரே மாசத்தில் நாங்கள் பலகாரம் சுடுகிறோம், அவள் வாயைக் கட்டுகிறாள். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 18

மாசிமா இன்று சமையலறைக்கே வந்துவிட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த பேரீச்சை வெல்லம் கையில். அவர்கள் அதை நொலேன் குர் என்கிறார்கள். பனிக்காலத்தில் மட்டும் ஒருவகை ஈச்ச மரத்திலிருந்து இறக்கும் சாற்றைக் காய்ச்சுவது. முகர்ந்து பார்த்தால் லேசாகப் புகை வாசனை. அரிசி மாவைத் தோசை போல் மெல்ல ஊற்றி, உள்ளே தேங்காயும் அந்த வெல்லமும் வைத்துச் சுருட்டினார். பாட்டிசாப்டா என்று பெயர். அம்மா ஒன்றைத் தின்றுவிட்டு, "இது நம்ம பூரணம்தானே!" என்றாள். மாசிமாவுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு வங்காளம் தெரியாது. ஆனாலும் அடுப்படியில் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்மஸுக்கு வங்காளத்தில் பொரொதின் என்று பெயர், அதாவது பெரிய நாள். அங்கே இந்து வீடுகளிலும் அன்று கேக் வாங்குவார்கள் என்று மகன் சொன்னார்.

டிசம்பர் 21

கேரல் ரவுண்ட்ஸ். சபையார் வீடு வீடாகப் பாடிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வரும்போது இரவு பன்னிரண்டு தாண்டிவிட்டது. சுக்குக் காபி கொடுத்து அனுப்பினோம்.

டிசம்பர் 24

மிசோ அண்ணனின் மகளுக்கு ரத்தத்தில் நோய். இப்போது எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்திருப்பதால், கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயிலுக்குப் போக முடியாது. அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எங்கள் ஸ்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அண்ணன் தயங்கித் தயங்கி, மேளம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். அவர்கள் ஊரில் குவாங் என்று ஒரு மேளம் உண்டு. குடைந்த மரத்தின் இரண்டு பக்கமும் தோல் கட்டியது. எல்லாரும் வட்டமாகக் கூடி, அதன் தாளத்துக்கு மெல்ல அசைந்து ராத்திரி முழுக்கப் பாடுவார்களாம். முதல் மிஷனெரிகள் மிசோ மலைக்குப் போய்த் தங்கியது 1894இல். பழைய சடங்குகளோடும் குடியோடும் ஒட்டியது என்று அந்த மேளத்தை ஆரம்பத்தில் தேவாலயத்துக்குள் விடவில்லை. பிறகு எழுப்புதல் என்ற பக்தி அலை வந்த காலத்தில் ஜனங்களே உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது அது இல்லாமல் ஆராதனையே இல்லை. கேட்கும்போது பறை ஞாபகம்தான் வந்தது. எங்கள் சபையில் தபேலா இருக்கிறது, டோலக் இருக்கிறது. பறை இன்னும் உள்ளே வரவில்லை. வர வேண்டும்.

மேளம் கிடைக்கவில்லை. கடைசியில் மாடியில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மைக் காலி செய்து கவிழ்த்தோம். அண்ணன் மரக் கரண்டியில் பழைய துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார். ஒரு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, இன்னும் ஒரு சுற்றுத் துணி சுற்றினார். பக்கத்து லாட்ஜிலிருந்து அவர்கள் ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். யாரும் அறைக்குள் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வட்டமாக நின்று பாடினார்கள். டிரம் சத்தம் கனமாக, நிதானமாக, நெஞ்சுக்குள் இறங்கியது. பிள்ளை முகக்கவசத்துக்குள் கூடவே பாடுவது அதன் அசைவில் தெரிந்தது. நாளைய ஆராதனைக்கு நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தும் யாருக்கும் கீழே இறங்க மனசு வரவில்லை.

டிசம்பர் 25

ஆராதனை முடிந்து வரும்போது விடிந்துவிட்டது. கோட்டையைச் சுற்றிக்கொண்டுதான் வந்தோம். உள்ளே 1846இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் இருக்கிறது, ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது, மசூதியும் இருக்கிறது. அகழித் தண்ணீர் மேல் பனி.

நர்ஸ் பெண் நைட் டியூட்டி முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஊரில் இந்த நேரம் கோயில் முற்றத்தில் சிலுவை வடிவக் குழியில் தீ மூட்டியிருப்பார்களாம், குருத்தோலை ஞாயிறன்று வாங்கி வைத்த ஓலைகளை அதில் போடுவார்களாம். சொல்லும்போதே கண் கலங்கியது. அம்மா ஒன்றும் பேசாமல் இரண்டு ஆம்லெட் போட்டு வைத்தாள்.

மத்தியானம் பையனின் காலேஜ் சிநேகிதன் வந்தான், எத்தியோப்பியாக்காரன். ஆம்பூர் பக்குவத்தில் மட்டன் பிரியாணி. வேண்டாம் என்றான். கேக் வேண்டாம். பால் டீ கூட வேண்டாம். அம்மா முகம் வாடிவிட்டது. அப்புறம்தான் சொன்னான்: அவர்களுக்குப் பண்டிகை ஜனவரி 7. அவர்கள் சபையின் பழைய பஞ்சாங்கம் நம்முடையதிலிருந்து 13 நாள் தள்ளி ஓடுகிறது. அதுவரை 43 நாள் நோன்பு. "அன்னைக்கு வா தம்பி, நான் ஆக்கிப் போடுறேன்" என்றாள் அம்மா. சுண்டலும் கடுங்காப்பியும் மட்டும் எடுத்துக்கொண்டான்.

டிசம்பர் 26

மிசோ வழக்கத்தில் பண்டிகையின் பெரிய விருந்து வீட்டுக்கு வீடு கிடையாது, ஊரே சேர்ந்து ஆக்கி ஒரே பந்தியில் உட்காரும். இன்று லாட்ஜ்காரர்களும் எங்கள் வீட்டாரும் மாடியில் அப்படித்தான் சாப்பிட்டோம்.

ஜனவரி 7

எத்தியோப்பியாவில் டெஃப் என்று ஒரு சின்னத் தானியம். மாவைப் புளிக்க வைத்துப் பெரிய வட்டமாக ஊற்றுவார்கள், இஞ்செரா என்று பெயர். இங்கே டெஃப்புக்கு எங்கே போவது? அம்மா கேழ்வரகைக் கரைத்து இரண்டு ராத்திரி புளிக்க வைத்துவிட்டாள். எங்கள் களிக்கும் கூழுக்கும் ஆதாரமான கேழ்வரகே ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தானியம்தான், அந்த எத்தியோப்பிய மேட்டு நிலமும் அதன் தாய்நிலம் என்று பையன் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

தோளில் வெள்ளைப் பருத்தித் துணி போட்டு வந்தான் அந்த எத்தியோப்பியப் பிள்ளை. கோழிக் குழம்பு அவன் கைப்பக்குவம். ஒரு கிலோ வெங்காயத்தை எண்ணெய் விடாமலே வெகு நேரம் வதக்கினான். பிறகு ஊரிலிருந்து வந்த மிளகாய்ப் பொடி. கடைசியில் அவித்த முட்டைகளை முழுசாகக் கீறிப் போட்டான். அம்மா தோசையைத் திருப்பாமல் மூடி வேகவைத்தாள். மேலே பொத்தல் பொத்தலாக எழும்பியது. குனிந்து பார்த்து, "எங்க ஊரில் இதைக் கண் என்போம்" என்றான்.

எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். முதல் துண்டைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து, உருட்டி, அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினான். மரியாதைக்குரியவர்களுக்கு அப்படி ஊட்டுவதுதான் அவர்கள் வழக்கமாம். அம்மா ஒரு நொடி எங்களைப் பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாய் குடுப்பா" என்றாள்.